பிள்ளை வெளிமாநிலத்தில் படித்தாலும் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கைவிட்டுப் போகாமல் இருக்க

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, எழுமலைப் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பூட்டிய வீடுகள் சில இருக்கும். முறுக்குப் போட ஆந்திராவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் போனவர்கள், கேரளத்தில் கடை வைத்தவர்கள், பட்டாளத்தில் இருப்பவர்கள், இப்போது பெங்களூரு ஐடி கம்பெனிகளுக்குப் போன இளைஞர்கள் எனப் பலருடைய வீடுகள் அவை. அந்தப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருமங்கலத்தில் இருக்கிறேன். மே, ஜூன் வந்தால் இன்னமும் போன் வரும். "ஐயா, பொண்ணு பன்னெண்டாவது புனேயில முடிச்சிருக்கா. நீட்ல நல்ல மார்க். நேட்டிவிட்டி கேக்குறாங்க, நாளைக்குள்ள கிடைக்குமா?" என்பார்கள். இந்தக் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று வட்டாட்சியர் அலுவலகம் தரும் அந்த நேட்டிவிட்டி சான்றிதழ் நாளைக்குள் கிடைக்காது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே கொஞ்சம் கவனமாக இருந்தால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்காது. அதைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் எது கையைவிட்டுப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அங்கே அரசு ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் ஆண்டுக் கட்டணத்திலேயே பல லட்சம் வித்தியாசம். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடும் தமிழ்நாட்டுப் பூர்வீகம் உள்ளவர்களுக்குத்தான். வேறு மாநிலத்துக்காரர் பிள்ளை இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் பொதுப் பிரிவில் போட்டியிடலாம், அவ்வளவுதான். நம் பிள்ளை புனேயிலோ ஹைதராபாத்திலோ படித்துவிட்டு ஊர்ப் பூர்வீகத்தைக் காட்ட முடியாமல் போனால் இது அத்தனையும் போய்விடும்.

எல்லாப் படிப்புக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான்.

மருத்துவக் கலந்தாய்வில் 6 முதல் 12 வரை ஏழு வகுப்புகளையும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்க மாட்டார்கள். அதில் ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் கேட்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் பார்ப்பது 8 முதல் 12 வரை. ஆக, ஏழாம் வகுப்பை மட்டும் கொச்சியில் படித்த பையனுக்குப் பொறியியலுக்குச் சான்றிதழ் வேண்டாம், மருத்துவத்துக்கு வேண்டும். எந்தப் படிப்பு என்று பிள்ளை கடைசியில்தான் முடிவு செய்யும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே தயாராக இருங்கள். கலந்தாய்வு விதிகள் அடங்கிய விளக்கக் குறிப்பேடு (பிராஸ்பெக்டஸ்) ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும். அந்த ஆண்டுக் குறிப்பேட்டில் நேட்டிவிட்டி பற்றிய பகுதியை நீங்களே ஒரு முறை வரி வரியாக வாசித்துவிடுங்கள்.

என்ஐடி விஷயம் முற்றிலும் வேறு. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. ஆனால் அங்கே 'தமிழ்நாட்டுப் பிள்ளை' என்று முடிவு செய்ய நேட்டிவிட்டியைப் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாரோ அதுதான் அவருடைய மாநிலம். மூன்று தலைமுறையாக மேலூரில் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் பதினொன்றும் பன்னிரண்டும் ராஜஸ்தான் கோட்டாவில் ஒரு பள்ளியில் படித்தால், ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவாக நடக்கும் ஜோசா கலந்தாய்வில் அவன் ராஜஸ்தான்காரன். திருச்சியில் வெளிமாநில இடங்களுக்குத்தான் போட்டியிடுவான். தாசில்தாரே வந்து சான்று கொடுத்தாலும் இது மாறாது. பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி மையம் எங்கே என்பதைவிட, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிவு செய்யும் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சில பயிற்சி மையங்கள் தாங்களே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். பெற்றோருக்கு அந்தப் பள்ளியின் பெயர்கூடத் தெரியாது. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கே பன்னிரண்டாவது முடித்த பிறகு ஒரு வருடம் கேரளத்துக்கு நீட் பயிற்சிக்குப் போவதால் இந்தக் கணக்கில் எந்தப் பாதிப்பும் இல்லை.

மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: தோப்பூர் எய்ம்ஸில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டா? கிடையாது. அங்கே சேர்க்கை நாடு முழுவதற்கும் பொது. 2022இல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதும் அப்படித்தான். எய்ம்ஸை நம்பி நேட்டிவிட்டியை அலட்சியம் செய்ய வேண்டாம். நம் பிள்ளைக்கு அந்தச் சான்று பயன்படப்போவது மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற மாநில அரசுக் கல்லூரிகளில்.

அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அதுதான் வழி. 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அப்பாவும் அம்மாவும் தொழிலுக்கு வெளியே இருந்தாலும், ஆத்தா வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ தங்கி உள்ளூர்க் கள்ளர் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த உரிமை முழுதாக உண்டு. நடுவில் ஒன்பதாம் வகுப்பில் "எங்ககூடவே இருக்கட்டும்" என்று நாக்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால் அது அன்றோடு போயிற்று. திரும்ப வந்து பதினொன்றில் சேர்த்தாலும் திரும்பக் கிடைக்காது. பாசம் பெரிதுதான், பிள்ளையைப் பிரிந்திருப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அழைத்துப் போவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுங்கள்.

சரி, நேட்டிவிட்டி சான்றிதழுக்கு வருவோம். இருப்பிடச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று காட்டும் குடியிருப்புச் சான்றிதழ் தனி. கலந்தாய்வுக்கு வேண்டியது அது இல்லை. இ-சேவை மையத்தில் அவசரத்தில் தவறான ஒன்றைப் பதிந்துவிட்டு ஒரு வாரம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையில் நேட்டிவிட்டி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வருபவரிடம் அசல் ஆவணங்களைக் கொடுக்கவே கூடாது.

விண்ணப்பிக்கும் முன் பிள்ளையின் பெயரில் இ-சேவைக்கான பதிவு எண்ணான கேன் (CAN) எண் ஒன்று எடுக்க வேண்டும். ஆதார், செல்போன் எண் எல்லாம் அதில் பதிவாகும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், ஊருக்கு வந்து போகும்போது வாங்கிய தற்காலிக சிம் எண்ணைக் கொடுக்காதீர்கள். புகைப்படம், முகவரிச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, பெற்றோரின் பூர்வீகத்தைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் வரும், அடுத்து வருவாய் ஆய்வாளர், அதன் பின் வட்டாட்சியர் அலுவலகம். மின் கையொப்பத்தோடு சான்றிதழ் வரும். அதை இறக்கி, நகல் எடுத்து, மின்னஞ்சலிலும் ஒன்று போட்டு வையுங்கள்.

கிராம நிர்வாக அலுவலர் என்ன பார்ப்பார்? நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தக் குடும்பம் இந்த ஊர்க்காரர்கள்தானா என்பது ஒன்றுதான் கேள்வி. பட்டா இருந்தால் கிராமக் கணக்கிலேயே தாத்தா பெயர் இருக்கும். வேலை சுலபம். நிலம் இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, அப்பா படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவை போதுமான பலம். எனக்கு எப்போதும் அதிகம் நம்பிக்கை கொடுத்தது அப்பாவோ அம்மாவோ உள்ளூர்ப் பள்ளியில் படித்த பழைய சான்றிதழ்தான். அதில் ஊர், சாதி, பிறந்த தேதி மூன்றும் ஒரே தாளில் இருக்கும். மருத்துவக் கலந்தாய்விலும் வெளிமாநிலத்தில் படித்த பிள்ளையிடம் பெற்றோரில் ஒருவரின் படிப்புச் சான்று, குடும்ப அட்டை அல்லது பாஸ்போர்ட் போன்றவற்றைச் சேர்த்துக் கேட்கிறார்கள். அம்மா எட்டாவதோடு நின்றிருந்தால்கூட அந்தப் பள்ளிக்குப் போய்ச் சான்று வாங்கி வையுங்கள்.

விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். இதை யாரும் யோசிப்பதே இல்லை. புனேயில் உட்கார்ந்து ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, "ரிஜெக்ட் ஆயிருச்சு, ஏன்னு தெரியலை" என்பார்கள். விண்ணப்பித்த அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்து விவரம் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் பெரியப்பாவிடமோ சித்தியிடமோ அசல் ஆவணங்களின் நகல்களைக் கொடுத்து வைத்து, அவரை அலுவலகத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவே நேரில் வந்தால் இன்னும் நல்லது.

எப்போது விண்ணப்பிப்பது? மே, ஜூனில் வேண்டாம். தேர்வு முடிவு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், சர்வர் திணறும். அதோடு ஜமாபந்தி நடப்பதும் அந்தச் சமயத்தில்தான். ஜூலை 1இல் புது பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு தொடங்கும், அதற்குள் கிராமக் கணக்குகளைத் தணிக்கை முடிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கணக்குகளைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸில் இருப்பார். நீங்கள் கிராமத்தில் போய்த் தேடினால் கிடைக்க மாட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, அல்லது புரட்டாசி, ஐப்பசியில் வரும்போது கொடுத்துவிடுங்கள். நேட்டிவிட்டி நிரந்தரச் சான்றிதழ், பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்தாலும் செல்லும். சாதிச் சான்றிதழும் அப்படியே. வருமானச் சான்று மட்டும் ஓராண்டுக்குத்தான், அதை அந்தந்த ஆண்டு எடுக்க வேண்டும். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் விட்டுவிடாதீர்கள், கல்விக் கட்டணச் சலுகை அதில்தான் கிடைக்கிறது.

சாதிச் சான்றிதழை அப்பாவின் சொந்த ஊர்த் தாலுகாவில்தான் வாங்க வேண்டும். பிள்ளை பிறந்தது ஹைதராபாத் என்பதால் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் மாநிலப் பட்டியலில் சீர்மரபினராக இருக்கும் சமூகம் அந்த மாநிலப் பட்டியலிலேயே இருக்காது. பட்டியல் சாதியினருக்கும் சொந்த மாநிலம் எதுவோ அதை வைத்துத்தான் உரிமை.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கலந்தாய்வில் அதிகம் இழுத்தடிப்பது இதுதான். நம் ஊரில் முன்னெழுத்து, அடுத்துப் பெயர். மகாராஷ்டிராவில் பிள்ளை பெயர், அப்பா பெயர், அதற்குப் பின் குடும்பப் பெயர் என்று மூன்றையும் கேட்பார்கள். படிவத்தில் காலியாக விட முடியாமல் தாத்தா பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதிவிடுவார்கள். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று, குடும்ப அட்டையில் இன்னொன்று என்று ஆகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர் பதியும் முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. அப்பாவின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். சான்றிதழில் 'பாண்டி', ஆதாரில் 'முத்துப்பாண்டி' என்றால் இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்கத் தனியாக அலைய வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியை விட்டு வரும்போதும் எந்த ஆண்டு எந்த வகுப்பு படித்தார் என்று ஒரு உறுதிச் சான்று கேட்டு வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழில் கடைசி வகுப்பு மட்டும்தான் இருக்கும். ஆறு ஆண்டு கழித்து அந்தப் பள்ளியே மூடியிருக்கலாம்.

இனி, கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று. இரண்டு மாநிலத்தில் பூர்வீகம் கோரக் கூடாது. கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்த பிள்ளைக்கு அந்த மாநிலக் கலந்தாய்விலும் தகுதி வரும் வழி இருக்கிறது. பெங்களூருக் குடும்பங்கள், "அங்கயும் போட்டு வைப்போம், இங்கயும் போட்டு வைப்போம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் மருத்துவக் கலந்தாய்வில் வேறு மாநிலத்தில் பூர்வீகம் கோரவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகும், வழக்கும் வரும். 2017இல் இரட்டை இருப்பிடப் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. உட்கார்ந்து பேசி ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹைதராபாத்தில் இரண்டு ஆண்டு இண்டர் (பதினொன்றும் பன்னிரண்டும்) மட்டும் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே உள்ளூர்க்காரராகக் கணக்கில் வர நான்கு ஆண்டு தொடர்ந்து படித்திருக்க வேண்டும். அவர்களுக்கு இருப்பது தமிழ்நாடு மட்டும்தான்.

குடும்ப அட்டையை ரத்து செய்யாதீர்கள், பிள்ளைகள் பெயரை அதில் சேர்த்து வையுங்கள். முன்னுரிமை அட்டை, அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்கள் 2020 அக்டோபர் முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் வெளிமாநிலக் கடையிலும் அரிசி, கோதுமை வாங்கலாம். அங்கே புது அட்டை எடுக்க வேண்டிய அவசியமில்லை. வாக்காளர் பட்டியலில் எங்கே வசிக்கிறீர்களோ அங்கே பெயர் இருப்பதுதான் சட்டம். பெயர் அங்கே மாறினால் பூர்வீகம் போய்விடாது. ஆதாரில் முகவரி மாறினாலும் அப்படித்தான். இதற்காகப் பொய்யான முகவரி எதுவும் வைத்திருக்க வேண்டாம்.

பிள்ளை கல்லூரிக்கே வெளிமாநிலம் போய்விட்டால், நேட்டிவிட்டியும் சாதிச் சான்றும் உதவித்தொகைக்கு வேண்டியிருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் எந்த மாநிலத்தில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். படிக்கும் மாநிலத்தில் விண்ணப்பித்துவிட்டு வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபு மாணவர்கள் ஐஐடி, ஐஐஎம், என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தால் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இப்படி ஒரு உதவி இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து ஐஐடி, எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்குப் போகும் பிள்ளைகளின் செலவை ஏற்பதாக அரசு 2022இல் அறிவித்தது.

மேற்படிப்புக்குத் திரும்பி வரும்போதும் நேட்டிவிட்டி வேண்டும், வெளியே படித்த பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் (இடமாற்றுச்) சான்றிதழும் வேண்டும். ஆனால் மருத்துவ மேற்படிப்பில் நிலைமை மாறிவிட்டது. 2025 ஜனவரி 29இல் உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு கொடுப்பது அரசியலமைப்பின் 14ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதே கல்லூரியில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொன்னது. ஆகவே எம்பிபிஎஸ்ஸை வெளியே படித்துவிட்டு, எம்டிக்கு நேட்டிவிட்டியைக் காட்டித் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் ஆவணக் குறைவு அல்லது 'விசாரணையில் நேரில் இல்லை' என்பதாகத்தான் இருக்கும். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகும் நியாயமில்லாமல் மறுத்தால் வட்டாட்சியரை நேரில் பாருங்கள், அடுத்து கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். திங்கள்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். கலந்தாய்வு தேதி நெருங்கியிருந்தால் மனுவின் முதல் வரியிலேயே அந்தத் தேதியை எழுதி, அழைப்புக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.